காத்திருந்த சிறுமியர்: வட இலங்கை ஆய்வொன்றின் மறுவாசிப்பு

இடம்பெயர்ந்த வளரிளம் பருவத்தினரின் மனநலத்துக்குக் கலையும் விளையாட்டும் உதவுமா என்ற விவாதத்தில், 2012இல் 'வேர்ல்ட் சைக்கியாட்ரி' இதழில் டோல் குழுவினர் வெளியிட்ட வட இலங்கை ஆய்வை இரு தரப்பாரும் தத்தமக்குச் சாட்சியாக அழைக்கலாம். பயனைத் தேடுவோருக்குப் பயன் தெரியும். தோல்வியைத் தேடுவோருக்குத் தோல்வி. இரு வாசிப்புகளுமே அதன் கனமான முடிவைக் கடந்துபோய்விடுகின்றன.

9 முதல் 12 வயது வரையிலான 399 பிள்ளைகள். ஐந்து வாரத்தில் 15 அமர்வுகள். நிபுணரல்லாத உள்ளூர்க்காரர்கள் பயிற்சி பெற்று, அறிதல்-நடத்தை உத்திகளோடு கலைவழி வெளிப்பாட்டையும் சேர்த்து நடத்தினர். முதன்மை அளவீடுகளில் ஒட்டுமொத்தப் பயன் தென்படவில்லை. நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. அதிர்ச்சி அறிகுறிகளிலும் பதற்றத்திலும் சிறுவர்களுக்குப் பயன் கிட்டியது. அன்றாடப் போர் நெருக்கடி குறைந்த பிள்ளைகளுக்கும் அப்படியே. உறுத்துவது சிறுமியர் கணக்கு. அமர்வுகளுக்கு வந்தவர்களைவிட, ஒப்பீட்டுக்காகக் காத்திருப்புப் பட்டியலில் வைக்கப்பட்டிருந்த சிறுமியருக்கே அதிர்ச்சி அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன.

கலை கெடுத்துவிட்டது என்று இதைப் படிப்பது அவசரம். வந்த சிறுமியரும் தேறவே செய்தனர், குறைவாக. துணைக்குழுப் பகுப்பாய்வின் மேல் அதிகப் பாரம் ஏற்றவும் கூடாது. ஆயினும் சிலரது இயல்பான மீட்சிக்கு இடையூறு நேர்ந்திருக்கலாம் என ஆய்வாளர்களே ஐயுறுகிறார்கள். அந்த மீட்சி எங்கே நடந்தது? கிணற்றடியிலா, கோயில் வீதியிலா, டியூட்டரிக்குப் போய்வரும் வழியிலா? அறிகுறிகளை எண்ணும் வினாத்தாள் இதற்கு விடை தராது. காத்திருந்தவர்களை 'எதுவும் செய்யப்படாதவர்கள்' என்று கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது; அவர்கள் தங்களுக்குத் தாங்களே ஏதோ செய்துகொண்டிருந்தார்கள் என்றே நான் கருதுகிறேன். கலையும் விளையாட்டும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல: மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற முயற்சி, தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து மாதக்கணக்கில் விளையாட விட்டது. ஐந்து வாரக் கால அட்டவணையை அதனோடு ஒரே தட்டில் வைப்பது முறையல்ல.

இந்தக் கேள்வி தமிழகத்துக்கும் உரியது: விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இலங்கைத் தமிழ் அகதிகளின் கீழ்புத்துப்பட்டு முகாம் உள்ளது. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் என்று அழைக்கத் தொடங்கியது; பெற்றோர் இருவரும் அகதிகளாயின், முகாமிலேயே பிறந்த பதினாறு வயதுப் பெண்பிள்ளைக்கும் பிறப்பால் குடியுரிமை இல்லை. அவளுடைய நெருக்கடி முடிந்துபோன போரன்று, இன்றைய நிலை. நெருக்கடி தொடரும் இடத்தில் குறுகிய பயிற்சி அதிகம் சாதிக்காது என்பதை டோல் குழுவின் கணக்கே காட்டுகிறது.

வட இலங்கையையும் விழுப்புரத்தையும் ஒப்பிடலாமா என்பார்கள். 9–12 வயதின் முடிவுகளைப் பதினாறுக்கு நீட்டிப் பழகியவர்கள் இதைக் கேட்பதற்கில்லை.

முகாம்களில் இனி ஓர் ஆய்வு நடக்குமானால், ஒப்பீட்டுக் குழுவின் மாலைப் பொழுதையும் பதிவு செய்ய வேண்டும்: யார் யாரோடு இருந்தார்கள், வாலிபால் திடல் எந்த மணிக்கு யார் கையில் இருந்தது, பள்ளி விட்டதும் பெண்பிள்ளைகளுக்கு வீட்டு வேலை போக எவ்வளவு நேரம் எஞ்சியது. பயிற்சி அமர்வு அந்த நேரத்திலிருந்து எடுக்கப்பட்டதா என்பதையும் அதே தாளில் குறிக்க வேண்டும்.