வன்னிப் பாதையும் கடல் கடந்த உத்தியோகமும்



யாழ்ப்பாணத்தில் புகையிரதமேறிக் கொழும்பு நோக்கிச் செல்பவர், ஆனையிறவின் உப்புக்காற்றைக் கடந்ததும் வன்னிப் பெருநிலத்துட் புகுகின்றார். பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா என நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறைகின்றன. பயணிகளிற் பலருக்கு இவை வழியிலுள்ள பெயர்கள் மட்டுமே. ஆயினும், புகையிரதத் தொழிலைக் கற்று அதனாற் கடல் கடந்து வாழ்வு தேடிய நம்மவரின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு இந்தத் தண்டவாளமே முதற்சான்றாக அமையும்.

இப்பாதை தோன்றுமுன், வடபுலத்தவர் கொழும்புக்குச் செல்வதற்குக் கடல் வழியாகக் கப்பலேற வேண்டும். அன்றேல் வன்னிக் காட்டினூடாக மாட்டுவண்டியில் நாட்கணக்காக ஊர்ந்து செல்ல வேண்டும். காட்டுவழியில் யானைக்கு அஞ்சியதிலும் மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சியதே மிகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வன்னி, உடைந்த குளங்களும் குடிகுறைந்த ஊர்களும் கொண்ட நிலமாகவே இருந்தது.

வடபாதை இரு முனைகளிலிருந்தும் வளர்ந்தது. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையுள்ள பகுதி 1902 மார்ச்சில் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அது பளை வரை நீண்டது. தெற்கிலிருந்து வந்த பாதை 1904இல் அநுராதபுரத்தை அடைந்தது. இடையிலே கிடந்த வன்னிக்காடே இறுதியாக எஞ்சியது. அதனையும் ஊடறுத்து, 1905 ஆகஸ்டில் கொழும்பும் யாழ்ப்பாணமும் ஒரே பாதையால் இணைந்தன. நாட்கணக்கான பயணம் அதன்பின் ஒரு நாளுக்குள் அடங்கியது.

இங்கே நாம் கருதத்தக்க விந்தை ஒன்றுண்டு. வன்னியில் தண்டவாளம் போடப்படுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, இலங்கையிலிருந்து சென்ற கைகள் மலாயாவில் தண்டவாளம் போட்டுவிட்டன! பேராக் மாநிலத்தின் ஈயச் சுரங்கங்களைத் துறைமுகத்தோடு இணைக்கும்பொருட்டுத் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை எட்டு மைல் நீளத்தில் அமைந்த மலாயாவின் முதற் புகையிரதப் பாதை 1885 ஜூனில் திறக்கப்பட்டது. அதனை அமைத்தவர்கள் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட பயனியர் படையினர். பின்னர், இலங்கைப் பொதுவேலைப் பகுதியிற் பணியாற்றிய சார்ள்ஸ் எட்வின் ஸ்பூனர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1891இல் சிலாங்கூருக்குச் சென்றார். 1901இல் மலாய்க் கூட்டரசின் புகையிரதப் பகுதிக்கு அவரே முதலாவது பொது முகாமையாளரானார். இலங்கைத் தமிழரின் திறமையை அறிந்திருந்த அவர், தமது பகுதிக்கு வேண்டிய லிகிதர்களையும் நிலைய அதிபர்களையும் தொழில்நுட்ப உதவியாளர்களையும் பெருமளவில் இங்கிருந்தே வரவழைத்தார்.

ஏன் இலங்கைத் தமிழர்? யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகளும், அவற்றுக்கு எதிராக எழுந்த சைவப் பாடசாலைகளும் ஆங்கிலமும் கணிதமும் கற்ற இளைஞரை ஆண்டுதோறும் உருவாக்கின. அவர்கள் அனைவர்க்கும் போதிய உத்தியோகம் உள்ளூரில் இல்லை. குடாநாட்டில் நிலமோ சிறிது. மலாயாவிலோ புதிய பாதைகள் வளர்ந்தன. ஆங்கிலம் அறிந்தவர் குறைவு. ஒருவர் போனார், அவர் தம் தம்பியை அழைத்தார், தம்பி மைத்துனனை அழைத்தான். இவ்வாறு ஓர் ஊரின் பாதி ஒரே பகுதியில் உத்தியோகம் பார்த்த காலமும் இருந்தது.

அத்தொழிலின் தன்மையையும் சிறிது காண்போம். ஒற்றைப் பாதையிலே எதிரெதிராக இரு வண்டிகள் வருதல் கூடாது. ஆதலால் ஒவ்வோர் இடைவெளிக்கும் ‘டாப்லெட்’ என்னும் அனுமதிச் சின்னம் ஒன்று உண்டு. இரு நிலைய அதிபர்களும் தந்திக் கம்பி வழியாக இணங்கினாலன்றி அது பொறியிலிருந்து வெளிவராது. அது கையில் இல்லாத சாரதி வண்டியைச் செலுத்தக் கூடாது. நள்ளிரவிற் கண்ணயரும் ஒரு கணத்தில் நூறு உயிர்கள் தங்கியிருக்கும். இலங்கைப் பாதையின் அகலம் ஐந்தரை அடி. மலாயாப் பாதையோ ஒரு மீற்றர். அளவுகள் மாறின, அந்த விழிப்பு மாறவில்லை. அதுவே நம்மவர் அந்நாட்டிற் பெற்ற நற்பெயருக்கு மூலதனம்.

ஆனால் அந்த ஏணிக்கு உச்சிப்படி இருக்கவில்லை. உயர் பொறியியலாளர் பதவிகள் நெடுங்காலம் ஐரோப்பியருக்கே உரியனவாக இருந்தன. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், புகையிரத ஊழியர் விடுதிகளின் அயலிலே வாழ்ந்த இலங்கைச் சைவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கந்தசுவாமி கோயிலை எழுப்பினர். அவர்கள் அனுப்பிய பணம் யாழ்ப்பாணத்திற் கல்வீடுகளாயிற்று, கோயிற் றிருப்பணியாயிற்று, பாடசாலைக் கட்டடமாயிற்று. இளைப்பாறித் திரும்பியவர் ‘மலாயாப் பென்சனியர்’ என மதிக்கப்பட்டார். அவரைக் கொழும்புத் துறைமுகத்திலிருந்து ஊருக்குக் கொண்டுவந்தது வன்னிப் பாதையே. ஆனால் அவர் வன்னியில் இறங்கவில்லை. யன்னல் வழியே பார்த்துச் சென்றார்.

வன்னி தன் பங்கை வேறு வழியிற் பெற்றது. இரணைமடுக் குளத்தின் நீரும் 1930களில் எழுந்த குடியேற்றமும் கிளிநொச்சியை நெல்விளையும் ஊராக்கின. முல்லைத்தீவுக்குத் தண்டவாளம் இல்லை. அவ்வூரார் ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளம் வந்து வண்டியேறினர். 1955இல் இலங்கையரான பி. டி. ரம்பால புகையிரதப் பகுதியின் பொது முகாமையாளரானார். மலாயாவில் நம்மவர்க்கு எட்டாத உச்சிப்படியை, சுதந்திர இலங்கையில் இந்நாட்டுப் பொறியியலாளர் ஒருவர் எட்டினார். அவர் காலத்திலே, 1956 ஏப்பிரலில் ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்கள் அக்காலத்தில் வந்தன. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘ஒன்ராறியோ’. அப்பெயருடைய மாகாணமே பிற்காலத்தில் பல்லாயிரம் ஈழத்தமிழரின் புகலிடமாகுமென அன்று யார் நினைத்திருப்பார்?

1990 ஜூனில் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. போர்க்காலத்திலே தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. வன்னியில் ஒரு தலைமுறை புகையிரதத்தைக் காணாமலே வளர்ந்தது. போர் முடிந்தபின், இந்தியக் கடனுதவியுடன் ‘இர்கொன்’ என்னும் இந்திய அரசுத்துறை நிறுவனம் பாதையை மீண்டும் அமைத்தது. 2013 செப்டெம்பரிற் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியிற் காங்கேசன்துறைக்கும் வண்டி வந்தது. பிறநாட்டுப் பாதைகளை அமைக்கவும் நடத்தவும் ஆள் அனுப்பிய நாடு, தன் பாதையை அமைக்கப் பிறநாட்டு வல்லுநரை அழைத்தது.

இதனைக் குறையாகக் கூறவில்லை. தொழிலறிவு ஓரிடத்தில் தேங்கி நிற்பதன்று. வேண்டிய இடத்துக்குச் செல்வது அதன் இயல்பு. சென்றவர்களைக் குறை கூறுவதும் நீதியன்று. வீட்டில் அடுப்பெரிந்தது அவர்கள் உழைப்பால். ஆயினும், போனவரின் பணம் வந்த அளவுக்கு அவரது தொழிலறிவு வரவில்லை. நிலைய அதிபர் ஊர் திரும்பியது ஐம்பத்தைந்து வயதில். தாம் கற்றதைக் கற்பிக்க அவருக்கு ஒரு பள்ளியும் இருக்கவில்லை. அதுவே இழப்பு.

இன்று அந்நிலை மாறக்கூடிய வாய்ப்பு வன்னியிலேயே அமைந்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குவது கிளிநொச்சியில். அவ்விடத்துக்கு அறிவியல் நகர் என்று பெயர். அப்பெயரில் ஒரு புகையிரத நிலையமும் உண்டு. அங்கே பயிலும் மாணவர் பலர் நாளை கடல் கடப்பர். கடக்கட்டும். ஆனால் அன்று மலாயா சென்றவர் யன்னல் வழியாகவே கண்ட நிலத்தில் இவர்கள் இறங்கிக் கற்கின்றனர். கற்றதோடு என்றேனும் திரும்பிவந்து இறங்குவதற்கும் அந்நிலையத்தில் இடமுண்டு.