கல்முனைக் கரையின் பொற்பணி: ஒரு வரலாற்று நோக்கு

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் கரையோர ஊர்களில் வைகாசித் திங்கள் கண்ணகியம்மனுக்கு உரியது. காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு முதலிய இடங்களிலுள்ள அம்மன் கோயில்களில் அக்காலத்தே திருக்கதவு திறந்து, வழக்குரை பாடிக் குளிர்த்தி செய்வர். அவ்வழக்கின் மூலக் குற்றவாளி ஒரு பொற்கொல்லன். அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அவன். பழியைச் சுமந்து உயிர் நீத்தவன் கோவலன். ஆண்டுதோறும் பொற்கொல்லனின் வஞ்சத்தைச் செவிமடுக்கும் இவ்வூர்களே தம் பெண்மக்களின் வாழ்நாட் செல்வத்தைப் பொற்கொல்லர் கையில் தலைமுறை தலைமுறையாக ஒப்படைத்தும் வந்துள்ளன. ஐயமும் நம்பிக்கையும் ஒருங்கே வாழ்ந்த வகையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொன்னைக் கொடுத்து நகை செய்விப்போரின் ஐயம் உலகெங்கும் பழமையானது. சிராக்கூசு நகரத்து மன்னன் ஈரோன் நிறுத்துக் கொடுத்த பொன்னுக்குச் சரியெடையாகவே முடி செய்யப்பட்டு வந்தது. ஆயினும் அதில் வெள்ளி கலந்திருக்குமோ என ஐயுற்ற மன்னன் அதனை ஆராயுமாறு ஆர்க்கிமிடீசை ஏவினான் என விற்றூவியசு என்னும் உரோம நூலாசிரியர் எழுதியுள்ளார். இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டிலேயே பொன் வெள்ளிப் பொருள்களின் தரத்தை வரையறுக்கும் சட்டம் பிறந்தது. 1478 முதல் இலண்டன் பொற்கொல்லர் மண்டபத்திலேயே அப்பொருள்கள் சோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட்டன. தமிழகத்தில் முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரியகோயிலுக்கு அளித்த அணிகலன்களைக் கல்வெட்டுகள் எடையுடன் பதிந்துள்ளன. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்னும் கல்லும், மணியிழைத்த நகைகளை நிறுக்கத் 'தக்ஷிணமேருவிடங்கன்' என்னும் கல்லும் அங்கே பயன்பட்டன. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்பது கணக்கு. குன்றிமணி அளவுக்கும் கணக்கு வைத்த சமுதாயம் பொன்னைக் கண்மூடிக் கொடுத்த சமுதாயமன்று என்பது இதனாற் பெறப்படும்.

கல்முனைக் கரையில் இத்தகைய மண்டபமும் முத்திரையும் பண்டு இருந்ததில்லை. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் நிலம் இது. மேற்குக் கரையிலிருந்து போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைக் கண்டியரசன் செனரத் 1626ஆம் ஆண்டளவில் கீழ்க்கரையிற் குடியேற்றினான் என்பர்; அதற்கு முன்னரும் முஸ்லிம் குடிகள் இங்கிருந்தன. இரு சமூகத்தாரிடத்தும் தாய்வழிக் குடிமுறை வேரூன்றியது. மணமானபின் கணவன் மனைவியின் மனைக்குச் செல்வதும், வீடும் நகையும் பெண்ணுக்கே உரியனவாவதும் இரு சாராருக்கும் பொது வழக்கு. பொற்பணியோ மரபாகத் தமிழ்த் தட்டார் குடும்பங்களின் தொழில். ஆகவே ஒரே பட்டறையில் ஒரு நாள் தமிழ்ப் பெண்ணின் தாலியும், மறுநாள் முஸ்லிம் பெண்ணின் காப்பும் உருவாயின. தெய்வ உருவமும் உயிருருவமும் தவிர்க்கப்பட வேண்டிய இடத்துப் பூவும் கொடியும் பிறையும் செதுக்கத் தொழிலாளர் அறிந்திருந்தனர்.

இனி, நகையொன்று செய்விக்கப்படும் முறையை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். அம்முறையின் ஒவ்வொரு படியும் தொழிலுக்கு மட்டுமன்றிச் சான்றுக்கும் உரியதாய் அமைந்துள்ளது.

முதலாவது நிறுத்தல். செய்விப்போர் கொணர்ந்த பவுணோ பழைய நகையோ அவர் முன்னிலையில் தராசில் ஏறும். இங்கிலாந்துப் பொற்பவுணின் எடை 7.988 கிராம், வழக்கில் 8 கிராம் ஒரு பவுணாகக் கொள்ளப்படும். இரண்டாவது உரைத்தல். கரிய உரைகல்லில் பொன்னைத் தேய்த்து, மாற்றறிந்த உரையாணியின் கீற்றை அருகே இழுத்து, இரண்டினும் திராவகம் தடவி நிறத்தை ஒப்பிடுவர். பன்னிரண்டு பங்கிற் பதினொரு பங்கு தூய பொன்னாயிருப்பது 22 கரட். தூய பொன் மிக மென்மையாதலின் எஞ்சிய பங்கு செம்பும் வெள்ளியும் கலந்தே நகை உறுதி பெறும்.

மூன்றாவது உருக்கல். மூசையிலிட்ட பொன் கரியடுப்பில் வெங்காரத்துடன் உருகும். தூய பொன்னின் உருகுநிலை 1,064 பாகை செல்சியசு. ஊதுகுழலும் துருத்தியுமே இவ்வெப்பத்தைத் தந்த காலத்தில், உருகிய பொன்னின் ஒளி மாறும் நொடியைக் கண்ணால் அறிவதே கைத்தேர்ச்சி. ஈழத்துச் சைவத் தமிழர் திருமணத்தில் இப்படி ஒரு சடங்காகவே உயர்ந்துள்ளது. 'பொன்னுருக்கு' எனப்படும் அந்நிகழ்ச்சியில், நல்ல நேரத்திலே சுற்றத்தார் சூழ்ந்திருக்கத் தாலிக்குரிய பொன் உருக்கப்படுகின்றது. மங்கலம் கருதிய இச்சடங்கில், இன்ன பொன்னே உருகியது என்பதற்குச் சுற்றம் முழுவதும் சாட்சியாதலும் அடங்கியுள்ளது.

வார்த்த பொன்கட்டியைப் பட்டடையில் அடித்துத் தகடாக்குவர். அன்றேல் துளைகள் படிப்படியாய்ச் சிறுக்கும் அச்சுத்தகட்டின் வழியே இழுத்துக் கம்பியாக்குவர். அடிக்க அடிக்கப் பொன் இறுகி வெடிக்க முற்படுமாதலின் இடையிடையே தீயிற் காய்ச்சி இளக்குதல் வேண்டும். தகடு அச்சில் அமுங்கிப் பூவாகும். கம்பி முறுக்குண்டு கொடியாகும். துளியாய் உருக்கிய பொன் உருண்டு அரும்பாகும். இவற்றைச் சாவணத்தால் எடுத்துப் பொருத்தி, பற்றுப்பொடியும் வெங்காரமும் இட்டு, ஊதுகுழலால் சுடரை வளைத்து ஊதுவர். பொடி உருகி மூட்டுகளிற் பாயும், நகை உருகுதலாகாது. பின் அராவி, கல்லிழைத்து, புளிநீரிலும் பூந்திக்கொட்டை நீரிலும் கழுவி மெருகிட்டு, மீண்டும் தராசில் ஏற்றுவர். கொடுத்த எடைக்கும் பெற்ற எடைக்கும் உள்ள வேறுபாடு சேதாரம். உழைப்பின் விலை செய்கூலி. பட்டறையிற் சிந்திய துகளும் வீணாவதில்லை. கூட்டிய குப்பையை நீரில் அரித்துப் பொன் பிரிப்போரும் இத்தொழிலைச் சார்ந்தே வாழ்ந்தனர்.

தாயின் பொன்னிலும் தட்டான் மாப்பொன் எடுப்பான் என்னும் பழமொழி பெரிதும் பற்றிக்கொண்டது இப்பொடியையே. நகையை உருகவிடாது மூட்டை மட்டும் பற்றவைக்க, பொடி நகையினும் குறைந்த வெப்பத்தில் உருகவேண்டும். அதற்குப் பொடியின் மாற்றுக் குறைந்திருக்கவேண்டும். 24 கிராம் எடையுள்ள 22 கரட் நகையில் 22 கிராம் தூய பொன் இருத்தல் வேண்டும். அதில் ஒரு கிராம் பாதிப்பொன்னாலான பொடியெனக் கொண்டால், தூய பொன் 21.58 கிராமாகக் குறையும். ஆண்டுகள் கழித்து அதனை உருக்கினால் ஏறக்குறைய 21½ கரட்டே கிட்டும். வேலைப்பாடு நுண்ணிதாக ஆக மூட்டுகள் பெருகும். மூட்டுகள் பெருகப் பொடியும் பெருகும். எனவே நேர்மையாளனும் கைத்திறன் மிகுதியாலேயே கள்வன் எனப்படுதல் கூடும். கள்வனும் பொடியின் பெயரால் தப்புதல் கூடும். சிலம்பை உடைத்த பின்னரே மாணிக்கப் பரலும் முத்துப் பரலும் வேறென விளங்கியது போல, நகையையும் உருக்கினாலன்றி உள்ளீடு முற்றும் விளங்காது. பிற்காலத்தே கட்மியம் கலந்த பொடி புகுந்து மாற்றுக்குறைவைத் தவிர்த்தது. ஆயின் அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும் நஞ்சு; செய்விப்போரின் ஐயம் தீர, செய்வோரின் உடல்நலம் விலையாயிற்று.

முஸ்லிம் குடும்பங்களைப் பொறுத்தவரை இம்முறைக்கு வேறொரு பொருத்தமும் உண்டு. பொன்னுக்குப் பொன் மாற்றுங்கால் எடை சமமாயிருத்தலும், கைக்குக் கை உடன் கொடுத்தலும் இசுலாமியச் சட்டத்தின் விதி. பழைய நகையைக் கூடுதல் எடையாகக் கொடுத்துப் புதிய நகையைக் குறைந்த எடையாகப் பெறுதல் அவ்விதிக்கு மாறாகும். தம் பொன்னையே தொழிலாளியிடம் தந்து, கூலியைத் தனியே கொடுத்துச் செய்வித்தல் பண்டமாற்றன்று. உழைப்புக்கு ஊதியம் பேசிய உடன்படிக்கையாகும். மேலும், 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மஹரையும் கைக்கூலியையும் பெயர் சுட்டிக் கூறுகின்றது. மணத்தையொட்டிய பொருள் மனைவிக்குரிய உரிமையாதலின் அதன் எடையும் மாற்றும் வெறும் அழகுச் செய்தி ஆகா. வேளாண்மைக் காலத்தில் விதைப்புச் செலவுக்கு அடகேறி, அறுவடையின்பின் மீள்வதும் பெண்ணின் இந்நகையே. மாற்றுக் குறைந்த காப்பு, வயலுக்குரிய முதலையும் குறைத்துவிடும்.

இவற்றால் முற்கூறிய வினாவுக்கு விடை கிடைக்கின்றது. பொற்கொல்லர் ஐயத்திற்கு அப்பாற்பட்டவர் என்பதால் நம்பப்பட்டாரல்லர். ஐயுறுவோர் முன்னிலையிலேயே தொழில் செய்ததால் நம்பப்பட்டார். நிறுத்தலும் உரைத்தலும் உருக்கலும் மொழி, சமய வேறுபாடின்றி எவருக்கும் விளங்கும் சான்றுகள். குறை காணப்பட்டால் சென்று கேட்கத்தக்க முகமும் பட்டறையும் அடுத்த ஊரிலேயே இருந்தன. ஒருவரின் பழியைப் பத்து ஊர் அறியும். அவர் மகனும் அதே ஊர்களில் உழைத்து வாழவேண்டும்.

இவ்வுறவை அண்மைக்கால நிகழ்ச்சிகள் பலவாறு தாக்கின. 1963 சனவரியில் இந்திய அரசு 14 கரட்டுக்கு மேற்பட்ட நகை செய்தலைத் தடுத்தபோது அங்கே பொற்கொல்லர் பலர் வாழ்விழந்தனர். கீழ்க்கரையிலோ சட்டத்தினும் வன்செயலே கொடிதாயிற்று. 1990ஆம் ஆண்டில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்கு ஒருவர் செல்ல அஞ்சிய நிலை வந்தது. பட்டறைக்குச் செல்லும் வழியே அடைபட்டபின், பட்டறையின் மேலிருந்த நம்பிக்கை எங்ஙனம் செயற்படும்? 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000இற்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. வீட்டுப் பேழையிலிருந்த நகையும் வீட்டோடு போயிற்று. 2022இல் ஏறத்தாழ 200 ரூபாயாயிருந்த அமெரிக்க டொலர் 360 ரூபாயை அண்மித்தபோது பவுண் விலையும் உடனேறி, புதுநகைக்கு வழியற்றோர் பழைய நகையை விற்கவும் நேர்ந்தது.

இவற்றோடு, இயந்திரத்தில் வார்த்த ஆயத்த நகைகள் கடைகளை நிரப்பின. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபை தோன்றியது. கருவியாற் சோதித்து இடப்படும் முத்திரை உரைகல்லினும் நுட்பமானது. கல்வியறிவோ உறவோ இல்லாத பெண்ணையும் அது காக்கவல்லது. இதனைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையன்று. எனினும் முத்திரை பொன்னின் மாற்றை மட்டுமே கூறும். பாட்டியின் காப்பு பேர்த்தியின் அட்டியலாய் மாறுங்கால் அது அதே பொன்தான் என்பதை முத்திரை கூறாது. உருகும்போது உடனிருந்த கண்களே கூறும்.

ஊதுகுழல், உரையாணி, சாவணம் என்னும் பெயர்களை அறிந்தோர் இன்று முதியோர் சிலரே. அவர்களோடு ஒரு கைத்தொழிலின் சொற்கள் மறைதல் பெரிய இழப்பாகும். அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. வேறு சமயத்தாரின் மகளுக்குரிய பொன்னைத் தன் தராசில் ஏற்றி, அவர் கண் காண உருக்கி, குன்றிமணி அளவுக்கும் விடை கூறிய முறை அது. ஒருவரையொருவர் முற்றும் நம்பாத அயலார் ஒருங்கே வாழ்தற்குக் கண்ட வழி அம்முறையாகும். பொற்பணியின் வரலாற்றில் இக்கரையோர ஊர்கள் கற்றற்குரிய பாடமும் அதுவேயாகும்.