நீர்க்கடுப்பும் நுண்ணுயிர்ப் பற்றும்

ஓர் ஆராய்ச்சியின் வளர்ச்சியை அது கண்ட விடைகளைக் கொண்டு அளப்பதே பெருவழக்கு. அது எழுப்பிய வினாக்களைக் கொண்டு அளத்தலும் பயன் தரும். நீர் கழிக்குங்கால் எரிச்சலும், அடிக்கடி கழிக்க வேண்டும் என்னும் உந்துதலும் தோன்றும் நோயை நம் மக்கள் நீர்க்கடுப்பு என்பர். அதற்குக் காரணமான நுண்ணுயிர்களைப் பற்றிய மேலைநாட்டு ஆராய்ச்சி, ‘எது?’, ‘எத்தனை?’, ‘எவ்வாறு?’ என்னும் மூன்று வினாக்களின் வழியே நடந்துள்ளது. இவற்றுள் இரண்டாம் வினாவிற்குக் கிடைத்த விடை, நெடுங்காலம் நோயாளரின் சொல்லுக்கு மாறாக நின்றது. அது நேர்ந்தவாற்றையும் நீங்கியவாற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. எது?

புதிதாகக் கழித்த சிறுநீரிலேயே நுண்ணுயிர்கள் காணப்படுதலை மாஞ்செஸ்டர் மருத்துவர் வில்லியம் ராபர்ட்ஸ் 1881-இல் எடுத்துரைத்தார். 1885-இல் மியூனிக் நகரில் தியோடார் எஷரிக் என்னும் குழந்தை மருத்துவர், பச்சிளங்குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து, அதில் வாழும் கோல் வடிவ நுண்ணுயிர் ஒன்றை விளக்கினார். பெருங்குடலில் பொதுவாக வாழ்வது என்னும் பொருள்படவே அவர் அதற்குப் பெயரிட்டார். எசரிக்கியா கோலை என இன்று வழங்கும் பெயரின் முற்பகுதி அவரை நினைவூட்டுவது. பிற்பகுதி அதன் உறைவிடத்தைக் காட்டுவது.

குடலில் தீங்கின்றி வாழும் இவ்வுயிரே சிறுநீர்ப்பையில் அழற்சி விளைத்தலை, பெண் குழந்தைகளிடம் கண்டு, 1894-இல் எஷரிக்கே வெளியிட்டார். ஓரிடத்தில் உடனுறையும் உயிர் மற்றோரிடத்தில் பகையாதல் இதனால் விளங்கிற்று. சிக்கலற்ற சிறுநீர்த் தொற்றுகளில் முக்கால் பங்கிற்குக் குறையாதவை இவ்வுயிரால் விளைவன என்பது இன்று தெளிந்த செய்தி. சிறுநீர்ப்பையினின்று வெளிச்செல்லும் வழி ஆடவர்க்கு ஏறத்தாழ 20 செ.மீ. நீளமும் பெண்டிர்க்கு ஏறத்தாழ 4 செ.மீ. நீளமும் உடையது. மகளிரை இந்நோய் மிகுதியாக வருத்துதற்கு இஃது ஒரு காரணமாகும்.

2. எத்தனை?

கழித்த நீரில் நுண்ணுயிர் காணப்படின், அது பையிலிருந்து வந்ததா, வெளிவழியிற் கலந்ததா என்னும் ஐயம் எழும். இவ்வையம் நீங்க, பாஸ்டன் நகர் எட்வர்டு காஸ் 1956-இல் ஓர் அளவு வகுத்தார். ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 1,00,000 நுண்ணுயிர்களேனும் இருப்பின் அதனை உண்மைத் தொற்றின் அடையாளமாகக் கொள்ளலாம் என்பது அவர் முடிபு. சிறுநீரக அழற்சியுற்ற மகளிரையும் நோய்க்குறி யாதும் இல்லாத மகளிரையும் ஆராய்ந்து பெற்ற அளவு அது. அவ்வெல்லைக்குள் அது பயனுடையதே.

ஆயின், பின்வந்தோர் அதனை நீர்க்கடுப்புற்றோர் அனைவர்க்கும் உரிய பொதுவிதியாகக் கொண்டனர். எரிச்சல் உண்டு என்று நோயாளர் கூறினும், எண்ணிக்கை குறைந்திருப்பின் தொற்று இல்லை என முடிவு செய்யப்பட்டது. அத்தகையோரின் துன்பத்திற்கு வேறு பெயரிட்டு, மனக்கலக்கமே காரணம் எனக் கருதினாரும் உளர்.

1982-இல் வால்டர் ஸ்டாம் என்பவரும் உடனாய்ந்தோரும், கடுப்புற்ற மகளிரின் சிறுநீரைப் பையிலிருந்தே நேராக எடுத்து ஆராய்ந்தனர். பையில் குடல்வாழ் நுண்ணுயிர் உண்மையாகவே இருந்தோருள் ஏறத்தாழப் பாதிப் பேரையே பழைய அளவு இனங்காட்டிற்று. எஞ்சியோரை அது கைவிட்டது. நோய்க்குறி உடையார்க்கு 100 என்னும் அளவே பொருந்தும் என அவர்கள் காட்டினர். காஸ் வகுத்த விதி பிழையன்று. அதற்கு ஒரு புறனடை வேண்டியிருந்தது.

3. எவ்வாறு?

சிறுநீர் பாய்ந்து வெளியேறுந்தோறும் பற்றுக்கோடில்லாத உயிர்கள் அடித்துச் செல்லப்படும். ஆதலின், நோய் செய்யும் உயிர் முதலில் பற்றி நிற்றல் வேண்டும். இவ்வுயிர்களின் உடலைச் சூழ்ந்த நுண்ணிழைகளை 1955-இல் ஸ்காட்லாந்து அறிஞர் டுகிட் ஆராய்ந்து, நூல் அல்லது குஞ்சம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் குறித்தார். சிறுநீரக அழற்சி செய்த வகைகள், நோய்க்குறியின்றித் தங்கிய வகைகளினும் மிகுதியாகச் சிறுநீர்வழி உயிரணுக்களைப் பற்றுதலை, சுவீடன் நாட்டு ஸ்வான்போர்க் எடேன் குழுவினர் 1976-இல் கண்டனர்.

இழையின் நுனியிலுள்ள புரதம், பையின் உட்பரப்பிலுள்ள மானோஸ் என்னும் சர்க்கரையைப் பற்றுகிறது. பற்றப்பட்ட மேலணுக்களை உடல் உதிர்த்துவிடுதலையும், அதற்குத் தப்பிய உயிர்கள் அணுக்களுள் நுழைதலையும், செயின்ட் லூயிஸ் நகர் ஹல்ட்கிரென் குழுவினர் 1998-இல் எலிகளிடம் காட்டினர். அவ்வாறு நுழைந்தவை அணுவினுள் திரள்களாகப் பெருகுதல் 2003-இல் அவ்விலங்கிலும், அத்தகைய திரள்கள் 2007-இல் நோயுற்ற மகளிரின் சிறுநீரிலும் காணப்பட்டன. ஒருமுறை தீர்ந்த நோய் மீண்டும் வருதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்றாகலாம்.

எல்லா நுண்ணுயிரும் ஒரே வழியில் தீங்கு செய்வன அல்ல. புரோட்டியஸ் என்பது சிறுநீரிலுள்ள யூரியாவைப் பிளந்து அம்மோனியா ஆக்கும். அதனால் சிறுநீர் காரத்தன்மை அடைய, உப்புகள் படிந்து கல்லாகும்.

முடிவுரை

மூன்றாம் வினா, முன்னைய இரண்டையும் தெளிவாக்கிற்று. நுண்ணுயிர் இருத்தல் வேறு, அது நோய் விளைத்தல் வேறு. ஆதலின், எண்ணிக்கை மிக்கிருந்தும் நோய்க்குறி இல்லாதார்க்கு, கருவுற்ற மகளிர் போன்ற சிலரை ஒழித்து, மருந்து வேண்டா என்பது இன்றைய மருத்துவ நெறி. எண்ணிக்கை குறைந்திருந்தும் துன்புறுவோர்க்கு நோய் உண்டாதல் கூடும் என்பதும் அதே நெறி. இவ்விரண்டிடத்தும் எண்ணைப் பொருளுடையதாக்குவது நோயாளரின் கூற்றேயாகும். ஓரிடத்து வகுத்த விதியை அதன் எல்லை நோக்காது எங்கும் செலுத்துதல் தீது என்பதற்கு, 1956-க்கும் 1982-க்கும் இடைப்பட்ட 26 ஆண்டுகளே சான்று.