சுவிட்ச் யாருடைய கையில் இருந்தது?

1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் தன் பாஷையை மாற்றியது. அதுவரை அதிலிருந்த கணினிகள் என்.சி.பி எண்ட நெறிமுறையில் கதைத்தன. அன்றிலிருந்து ரி.சி.பி/ஐ.பி மட்டும்தான். ஒரு வருசத்துக்கு முன்னமே அறிவித்தும் கனபேர் அசையவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமோ? 1982 நடுப்பகுதியில் ஒருநாள் முழுக்க என்.சி.பியை நிப்பாட்டிக் காட்டினார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் வலையமைப்பு, சுவிட்ச் அவர்களுடைய கையில். அதுக்குப் பிறகும் சில இடங்கள் இழுத்தடிச்சதுதான், ஆனாலும் சில மாதங்களில் எல்லாரும் மாறிவிட்டார்கள்.

அப்போது வந்த ஐ.பி முகவரிக்கு 32 பிட். மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள். இது ஒரு பரிசோதனைக்கு எண்டுதான் தீர்மானிச்சது என்று விண்ட் செர்ஃப் பிறகு சொல்லியிருக்கிறார். பரிசோதனைதானே, அள்ளிக் குடுத்தார்கள். எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் ஒன்றுக்கே 1.67 கோடி!

1990களில் முகவரிகள் முடியப்போகுது எண்டு விளங்கியது. 1995இல் ஐ.பி.வி6 வெளிவந்தது. 128 பிட், இனித் தட்டுப்பாடே வராது. ஆனால் பழையதும் புதியதும் நேரடியாகக் கதைக்க ஏலாது. மாறுகிறவர் இரண்டையும் வைத்திருக்க வேண்டும், மாறாதவருக்கு ஒரு நட்டமும் இல்லை. நிப்பாட்டிக் காட்ட இந்தமுறை ஒருவருடைய கையிலும் சுவிட்ச் இல்லை. போதாததுக்கு, ஒரு முகவரியைப் பல கருவிகள் பகிர்கிற 'நாற்' முறை 1994இலேயே வந்துவிட்டது. தற்காலிகமாக ஒட்டின பிளாஸ்டர்தான். அது நல்லா ஒட்டினதே ஐ.பி.வி6க்கு வினையானது என்பேன்.

2011 பெப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் பகிரப்பட்டன. முதலில் வறண்டது எங்கட ஆசிய பசுபிக் பிராந்தியம். அதே ஏப்ரலில் ஏப்னிக் அமைப்பு தன் கடைசி ஒதுக்கத்துக்கு வந்து, அதிலிருந்து ஓர் உறுப்பு நிறுவனத்துக்கு ஆகக்கூடியது 1,024 முகவரிகள் எண்டு கட்டுப்படுத்தியது. எம்.ஐ.டி. 2017இல் தன்னிடம் மிஞ்சிக் கிடந்ததில் ஒரு பகுதியை விற்றது. முந்தி வந்தவருக்குச் சொத்து, பிந்தி வந்தவருக்குப் பங்கீடு.

பங்கீடு என்பது வெறும் எண்ணிக்கை விசயம் இல்லை. கைப்பேசி நிறுவனங்கள் முன்பின் தெரியாத பலரை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைக்கின்றன. ஒருவர் செய்த குழப்படிக்கு ஒரு தளம் அந்த முகவரியைத் தடுத்தால் மற்ற எல்லாரும் சேர்ந்து வெளியே. வீட்டுக் கணினியில் ஒரு தளம் நடத்தலாம் எண்டு பார்த்தால், வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே வர ஏலாது.

உங்கட போனின் வலையமைப்பு விவரத்தைத் திறந்து பாருங்கோ. முக்காற்புள்ளிகளோடு நீளமான முகவரி ஒன்று 2 இல் தொடங்கினால் உங்களுக்கு ஐ.பி.வி6 கிடைத்திருக்கிறது. நாலு இலக்கங்கள் மட்டும், அதுவும் 10 இல் தொடங்கினால், நீங்கள் இன்னும் பங்கு முகவரியில்தான்.