பாக் லூட் வாசித்தாரா?

பேரன் கிட்டார் வகுப்புக்குப் போகிறான். போன மாதம் பாக் எழுதிய 'பூரே' ஒன்றை வாசித்துக் காட்டிவிட்டு, "இதை கிட்டாருக்கா எழுதினார், தாத்தா?" என்று கேட்டான். அவன் புத்தகத்தில் 'லூட் தொகுதி' என்று போட்டிருந்தது. "லூட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். பிறகு தேடிப் படித்தபோதுதான், அவசரப்பட்டுவிட்டேன் என்று தெரிந்தது.

லூட் என்பது, பேரிக்காயை நெடுக்காக வெட்டியதுபோல் முதுகு உப்பிய வாத்தியம். ஆட்டுக்குடல் நரம்பை விரலால் மீட்டுவார்கள். பாக்குக்கு (1685–1750) அது பழக்கமானதுதான். 1724இல் லைப்சிக்கில் நிகழ்த்திய யோவான் பாடுகள் இசையில் ஓரிடத்தில் லூட் உண்டு. 1727இல் எழுதிய அரசியின் இரங்கல் இசையில் இரண்டு லூட். அக்காலத்தின் பெரிய லூட் வித்வான் வைஸ், 1739இல் அவர் வீட்டுக்கே வந்து வாசித்திருக்கிறார்.

ஆனால், பாக் ஆர்கனும் வயலினும் வாசித்ததற்குச் சாட்சிகள் இருப்பதுபோல், லூட் வாசித்ததற்குச் சாட்சி இல்லை. லூட்காரர்கள் எந்த நரம்பை எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டும் தனிக் குறிப்புமுறையைப் பயன்படுத்தினார்கள். பாக் தன் கையால் எழுதியவையோ சாதாரண இசைக்குறிப்பில் இருக்கின்றன. ஒரு முன்னிசையின் தலைப்பில் 'லூட் அல்லது செம்பலோ' என்று அவரே எழுதியிருக்கிறார். செம்பலோ என்றால் ஹார்ப்சிகார்ட்.

பேரன் வாசித்த பூரே உள்ள தொகுதிக்கு, பாக்கின் உறவினர் வால்தர் எழுதிய பிரதி இருக்கிறது. அதில் 'லாவ்டன்வெர்க்கில் வாசிக்க' என்ற குறிப்பு காணப்படுகிறது. லாவ்டன்வெர்க் என்பது கட்டைகள் வைத்த ஒரு வாத்தியம். உள்ளே குடல் நரம்புகள். கட்டையை அழுத்தினால் லூட் போலவே ஒலிக்கும். அப்படி ஒன்றை ஹில்டெப்ராண்ட் என்ற கைவினைஞர் பாக்கின் யோசனைப்படி செய்ததாகவும், 1740 வாக்கில் அதைத் தாம் பார்த்ததாகவும் அவருடைய மாணவர் அக்ரிகோலா எழுதியிருக்கிறார்.

பாக் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியல் இதற்கு வலுச் சேர்க்கிறது. அதில் இரண்டு லாவ்டன்வெர்க், மதிப்பு 60 தாலர். ஒரு லூட், 21 தாலர். ஒன்றுக்கு இரண்டாக வைத்திருந்தவர் அதை ஆசைக்காக மட்டுமா வைத்திருப்பார்? லூட்டின் குரல் மேல் அவருக்கு மோகம் இருந்தது. விரலோ கட்டைக்குப் பழகியது. இரண்டையும் இணைக்க வழி தேடினார் என்று நினைக்கிறேன்.

அந்தக் கால லாவ்டன்வெர்க்குகளில் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. இப்போது கேட்பதெல்லாம் பழைய விவரணைகளைப் பார்த்துப் புதிதாகச் செய்தவை.

பேரனைக் கூப்பிட்டு, "அன்று நான் சொன்னது முழுக்கச் சரியில்லை" என்று விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ நான் கிட்டாரில் வாசிப்பது தப்பா?" என்றான். "தப்பில்லை. அவரே தன்னுடைய செல்லோ தொகுதி ஒன்றை லூட்டுக்கு மாற்றி எழுதியவர்தானே!" என்றேன். இந்தத் தடவை விசாரித்துவிட்டுச் சொன்ன பதில்.