எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது?

எமது கல்லூரி நூலகத்திலிருந்து கல்கியின் சரித்திர நாவல்களை நாம் ஒழுங்குப்படி எடுத்து வாசித்ததில்லை. யார் எதைத் திருப்பிக் கொடுத்தார்களோ, அதுவே எமக்குக் கிடைத்தது. எம்மிற் சிலர் ‘பார்த்திபன் கனவு’ முடித்த பின்னரே ‘சிவகாமியின் சபத’த்தைக் கண்டோம், வேறு சிலர் அதற்கு மறுதலையாக வாசித்தோம். விடுதியில் விளக்கணையும் வரை அதைப் பற்றி வாதாடியபோதுதான், இரு பகுதியினரும் வெவ்வேறு கதைகளை வாசித்தவர்கள் போலப் பேசுவது தெரிந்தது.

காரணம் எளியது. ‘பார்த்திபன் கனவு’ 1941–43 இலும், ‘சிவகாமியின் சபதம்’ 1944–46 இலும் தொடராக வெளிவந்தன. கதை நிகழும் காலமோ நேர்மாறானது. பின்னர் எழுதப்பட்டது மகேந்திரவர்மரின் ஆட்சியில் தொடங்குகிறது; முன்னர் எழுதப்பட்டது, 642 இல் வாதாபியை வென்ற நரசிம்மவர்மரை முதிர்ந்த சக்கரவர்த்தியாகக் காட்டுகிறது. எழுதிய ஒழுங்கில் வாசித்தவருக்கு மாமல்லர் வெல்வார் என்பதும், அவருக்குக் குந்தவி என்றொரு மகள் இருப்பாள் என்பதும் முன்பே தெரியும். எனவே, ‘வெல்வாரா?’ என்று அவர் கேட்பதில்லை. அந்த வெற்றிக்காக ஆயனரின் மகள் எதை இழந்தாள் என்றே கேட்கிறார். கால ஒழுங்கில் வாசித்தவரோ, அந்த இழப்பை அறிந்த மனத்துடனேயே சக்கரவர்த்தியைச் சந்திக்கிறார்.

1950 இல் தொடங்கி 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னில் காலம் வேறுவிதமாக வேலை செய்கிறது. ஐந்து பாகங்களாயினும் கதை ஆடிப்பெருக்கன்று தொடங்கிச் சில மாதங்களையே சொல்கிறது. எமது அநுராதபுரமும் தம்புள்ளையும் அதில் வருகின்றன. அருள்மொழிவர்மர் 985 இல் இராஜராஜனாக அரியணை ஏறினார் என்பதைச் சரித்திர பாடத்திற் படித்திருந்தோம். ஆனால் கதை அதற்கு முன்னரே, அவர் முடியை உத்தம சோழருக்கு விட்டுக்கொடுப்பதோடு நின்றுவிடுகிறது. பின்னர் வரப்போவதை நாம் அறிந்திருப்பதாலேயே அந்தத் தியாகம் எமக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஈழத்தவரும் இத்துறைக்குப் புதியவர்கள் அல்லர். திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895 இல் வெளியிட்ட ‘மோகனாங்கி’, தமிழின் முதலாவது சரித்திர நாவலாக மதிக்கப்படுகிறது. நாயக்கர் காலத்துக்குச் சென்று அவர் கதை சொன்னார். 1914 இல் ‘நொறுங்குண்ட இருதயம்’ எழுதிய மங்களநாயகம் தம்பையா அவ்வாறு செய்யவில்லை. தமது காலத்து யாழ்ப்பாணக் குடும்பங்களையும், மணவாழ்வில் ஒரு பெண் படும் துன்பத்தையும் எழுதினார். நூறாண்டுக்கு மேல் கடந்துவிட்டதால் அதுவும் இன்று எமக்குச் சரித்திரமாகிவிட்டது. தம் காலத்தை உண்மையாக எழுதிவைப்பவர், பிற்காலத்தவருக்காகச் சரித்திரத்தையும் எழுதிவைக்கிறார்.

இந்த மலருக்காகக் கல்லூரி வரலாற்றைத் தொகுக்க அமர்ந்தபோது இவையெல்லாம் எமக்கு நினைவுக்கு வந்தன. மண்டபத்துச் சுவரிலுள்ள அதிபர்களின் பெயர்ப்பலகையைப் பின்பற்றினால் ஒரு கதை வருகிறது: கட்டடங்கள், பரிசளிப்பு விழாக்கள், பெறுபேறுகள். அதில் 1995 ஒக்டோபர் 30 இற்குப் பின்னான மாதங்களுக்குக் கிடைப்பது ‘இடம்பெயர்ந்து இயங்கியது’ என்ற ஒரே வரி. அந்த நாளிலிருந்தே தொடங்கினால் வேறொரு கதை வருகிறது: தலையிற் சுமந்த புத்தகப்பை, மரநிழலில் நடந்த கணித பாடம், திரும்பி வந்தபோது வெறுமையாயிருந்த வகுப்புக் கதிரைகள். முதலாவது கதையில் அது ஓர் இடைவேளை. இரண்டாவதில் அதுவே கதை.

நாம் பெயர்ப்பலகையின் ஒழுங்கையே இம்மலரிற் பின்பற்றியுள்ளோம். ஆனால் அந்த ஒரு வரிக்குக் கீழே பக்கங்களை வெறுமையாக விட்டிருக்கிறோம். கொழும்பிலும் வன்னியிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் சகோதரிகளே, அந்த நாட்களில் நீங்கள் எந்த வகுப்பில், எந்த ஊரில், யாருக்குப் பக்கத்தில் இருந்தீர்கள் என்பதை மாதமும் ஆண்டும் குறித்து எழுதி அனுப்புங்கள். அன்று எமக்குப் படிப்பித்தவர்களில் பலர் இப்போது இல்லை. எம்மிலும் சிலர் இல்லை. நினைவிருப்பவர்கள் இருக்கும்போதே அப்பக்கங்கள் நிரம்பவேண்டும்.