தெரிந்த சொல், தெரியாத பொருள்

1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். கோப்புகளில் மெல்ல ஆங்கிலம் ஏறிற்று. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் தலைமுறை அகராதியைப் புரட்ட வேண்டியதாயிற்று.

புரட்டினால், நிறையச் சொற்கள் பழைய உறவுகள்! 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் கோர்ட், ஜட்ஜ், டாக்ஸ் எல்லாம் பிரெஞ்சு வழியாக அங்கே போனவைதானே. மாட்டை மேய்த்தவனுக்கு அது 'கவ்', தின்ற துரைக்கு 'பீஃப்'.

வில்லங்கம் பொருளில்தான். பிரெஞ்சில் 'தெமாந்தே' என்றால் சும்மா கேட்பது. ஆங்கில 'டிமாண்ட்' அதட்டிக் கேட்பது. மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் இது சின்ன வித்தியாசமா? 'லிப்ரேரி' புத்தகக் கடை, 'லைப்ரரி' நூலகம். இவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் 'பொய் நண்பர்கள்' என்பார்கள். 1928-லேயே இதற்கென்று பாரிசில் புத்தகம் வந்துவிட்டது. எங்கள் அலுவலக அலமாரிக்குத்தான் வரவில்லை.